தூணைச் சுற்றி வந்த தண்ணீர்

பதினெட்டாயிரத்து நானூறு. சலவைக்கூடம் நடத்தும் அண்ணி தண்ணீருக்குக் கட்ட வேண்டிய பாக்கி அது. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வால்வை மூடிவிடுவதாக, கூடம் இருக்கும் வளாகத்தின் மேலாளர் சொல்லிவிட்டார். தண்ணீர் நின்றால் சலவை நின்றது. சலவை நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றது.

அண்ணி ஏமாற்றுகிறவள் இல்லை. ஒரு மிஷின் ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்கும் என்று எண்ணி வைத்து, அதன்படி மாதாமாதம் கட்டித்தான் வந்தாள். மீட்டர் மட்டும் எப்போதும் கூடுதலாகக் காட்டியது. ஒன்றரை வருஷத்தில் அந்த வித்தியாசம் மலையாகிவிட்டது.

"எனக்குத் தெரியாம இந்த மீட்டரே குடிக்குதா?" என்று கொழுந்தனைக் கேட்டாள். அவன் பிளம்பர். மாட்டியதே அவன்தான்.

"புது மீட்டர் அண்ணி, அது பொய் சொல்லாது. உங்க மிஷின்தான் எங்கயாவது ஒழுகும்," என்று தெனாவட்டாகச் சொல்லிவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை வேறொரு கட்டடத்தில் அதே மாதிரி மீட்டர் மாட்டினான். பார்வையிட வந்த பொறியாளரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கழட்டுங்க" என்றாள்.

"ஏம்மா? ஒரு சொட்டு ஒழுகலையே!"

"ஒழுகலதான். வளைவை ஒட்டியே வெச்சிருக்கீங்களே? வளைஞ்சு வர்ற தண்ணி சுழண்டுக்கிட்டு வரும். கூட்டத்துல முட்டி மோதி வெளிய வர்றவன்கிட்ட கணக்குக் கேட்டா ஒழுங்கா சொல்லுவானா? கொஞ்ச தூரம் நேரா நடக்க விடுங்க. பைப் அகலத்துல பத்து மடங்கு முன்னால, அஞ்சு மடங்கு பின்னால. பெட்டியிலயே தாள் இருந்திருக்குமே, படிக்கலையா?"

அந்தத் தாளில்தான் அவன் ஸ்பேனரின் கிரீஸைத் துடைத்திருந்தான்.

அவனுக்கு அண்ணியின் மீட்டர் நினைவுக்கு வந்தது. அண்ணி கூடத்தில் ஒரு தூண் குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றி அடுத்தடுத்து இரண்டு வளைவு கொடுத்து, இரண்டாவது வளைவின் கழுத்திலேயே மீட்டரைச் சொருகியிருந்தான். ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. 'எவ்வளவு அடக்கமா வேலை பார்த்திருக்கேன் பாரு' என்று அன்றைக்குப் பெருமை வேறு.

வளாகத்தின் குழாய் வேலை முழுவதையும் அவனுக்குத்தான் மேலாளர் கொடுத்து வந்தார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறந்தால் பிழைப்புப் போகும், மூடினால் அண்ணி போவாள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் அறை வாசலில் இரண்டு தடவை திரும்பிவிட்டு மூன்றாவது தடவை உள்ளே போனான்.

"சார், அந்தப் பாக்கி அண்ணி தப்பில்ல. என் தப்பு."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணிக்காகப் பழியைத் தூக்கிச் சுமக்குறியா?"

"வந்து பாருங்க சார்."

அண்ணியின் கூடத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டியை அந்த மீட்டர் வழியாகவே நிரப்பினான். தொட்டி விளிம்பைத் தொட்டபோது மீட்டர் ஆயிரத்து நூற்று நாற்பது காட்டியது. மேலாளர் தொட்டியின் அடியைச் சுற்றி வந்து ஈரம் தேடினார். பொட்டு ஈரமில்லை.

"பார்த்தியா, என் மிஷின் மேல பழி போட்டியே!" என்றாள் அண்ணி.

அவன் ஸ்பேனரை எடுத்தான். மீட்டரைக் கழற்றி, தூணைத் தாண்டி நீளச் சுவருக்குக் கொண்டு போனான். இரண்டங்குலக் குழாய். முன்னால் இருபது அங்குலம், பின்னால் பத்து அங்குலம், அளந்து, மறுபடியும் அளந்து வெட்டினான். குழாய்க் காசு அவன் கைக்காசு. தொட்டியை மறுபடி நிரப்பினார்கள். ஆயிரத்து மூன்று.

மேலாளர் எண்ணைக் குறித்துக்கொண்டார். "இந்த வளாகத்துல இன்னும் எத்தனை இப்படி மாட்டியிருக்க?"

"பதினொண்ணு சார்."

"ஒண்ணு விடாம தொட்டி வெச்சுப் பாரு. கூலி கிடையாது. முடிச்சுட்டு வா, மேல்மாடி வேலை இருக்கு. அதுக்கு உண்டு."

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேலாளர் அங்கேயே, துணி மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மீட்டர் கூட்டிக் காட்டியது பதினேழாயிரத்து ஐநூறு ரூபாய். "மீதி தொள்ளாயிரம் நிஜமாவே உங்க பாக்கிம்மா."

"அது எப்படி?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். தினமும் கூடத்தைக் கழுவிவிடும் தண்ணீரை அவள் எண்ணியதே இல்லை. உள்ளே போய் ஒன்பது நூறுகளை எடுத்து வந்து நீட்டினாள். மேலாளர் எண்ணி வாங்கி, பாக்கித் தொகையின் மேல் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார்.