பூனைக் கடிக்கு லீவு கிடையாது

சூளகிரி பட்டுப் பட்டறையின் மேனேஜர் ராஜப்பன் தினமும் டீயைத் தட்டில் ஊற்றி, பாதியைத் தன் பூனைக்கு வைப்பார். அது நக்கி முடித்ததும் மீதியை அதே தட்டில் தான் உறிஞ்சுவார். நூல் இழுக்கும் பெண்களின் குவளைகள் மட்டும் அவர் கைபடாத தூரத்தில், வெளியே ஆணியில் தொங்கின. இப்படிப்பட்ட ஆளை ‘சார்’ என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அந்தப் பெண்களில் ஒருத்தியான சுக்ராவுக்கு அந்த வேலையில் பிடிக்காத ஒரே விஷயம்.

பூனைக்கு ராணி என்று பெயர். கொப்பரையில் பட்டுக்கூட்டை வேகவைத்து நூலை உருவிய பிறகு மிஞ்சும் புழுதான் அதற்குத் தீனி. புதன்கிழமை காலை புழுக்கூடையை நகர்த்தப் போன சுக்ராவின் வலது ஆள்காட்டி விரலை அது கடித்துவிட்டது. ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. ரத்தம்கூடச் சரியாக வரவில்லை. மறுநாள் விடிவதற்குள் விரல் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி வீங்கிப் பளபளத்தது. சிவப்பு மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. கொதிநீரில் கூட்டின் நுனி நூலைத் தேடிப் பிடிப்பது அந்த விரல்தான். அது போனால் அவள் புழு அள்ளத்தான் லாயக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டாள். ராஜப்பன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பெங்களூர் முதலாளி அனுப்பியது. பாம்புக்கடி, நாய்க்கடி, பிரசவம் இவற்றுக்கு மட்டும் லீவு. வேறு எதற்காக நின்றாலும் கொப்பரை அடுத்தவளுக்கு.

“பூனைன்னு எங்கயாவது எழுதியிருக்கா? பாலும் புழுவும் திங்கிற ஜீவன். அது வாய் உன் வாயை விடச் சுத்தம்” என்றார்.

சொல்லிவிட்டுக் குரலைத் தணித்தார். நாய் கடித்ததாகச் சீட்டு எழுதித் தருவாராம், பதினாலு நாள் கிடைக்குமாம். கருணையெல்லாம் ஒன்றுமில்லை. பட்டறைக்குள் பூனை வளர்வது முதலாளிக்குத் தெரியாது.

வாங்கிக்கொள்ளச் சொன்னாள் பக்கத்துக் கொப்பரை வெள்ளையம்மா. சுக்ரா வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சீட்டைப் பார்த்தார், விரலைப் பார்க்கவில்லை. நாய்க்கடி வரிசையில் உட்காரச் சொன்னார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று. விரலுக்குக் கொஞ்சம் டிஞ்சர். உண்மையைச் சொன்னால் சீட்டு செல்லாது, கொப்பரை போய்விடும். சொல்லாவிட்டால் விரல் போய்விடும். விரல் இல்லாதவளுக்குக் கொப்பரை எதற்கு? எழுந்து நேராக டாக்டரம்மாவின் மேசைக்குப் போனாள்.

“நாயில்லைங்கம்மா, பூனை. மேனேஜரோட பூனை. இந்தச் சீட்டு அவரு எழுதின பொய்யி.”

டாக்டரம்மா விரலை அழுத்திப் பார்த்தார். பூனைப் பல் வாயிலிருக்கும் கிருமியை ஆழத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், மேலே துளை மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும் என்றார். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்குமாம். கீறிச் சீழை எடுத்து, பென்சிலின் போட்டார். பிறகு, மேனேஜரின் பூனையைப் பத்து நாள் கட்டிப்போட்டு அதற்கு வெறி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும் என எழுதி, முதலாளிக்கே தபாலில் அனுப்பினார்.

சுக்ரா திரும்பி வந்தபோது பூனையின் பத்து நாளும் முடிந்திருந்தது. அதற்கு வெறி இல்லை. அவள் கொப்பரை அவளுக்கே என்றும், பூனை பட்டறையில் இருக்கக்கூடாது என்றும் முதலாளி எழுதியிருந்தார். ராஜப்பன் வலது கையைத் துண்டில் சுற்றி மேசைக்கடியில் வைத்திருந்தார். முந்தின நாள் ராணியைச் சாக்கில் போட்டுக் கட்டப் போனாராம் என்று வெள்ளையம்மா சொன்னாள்.

சுக்ரா விரலைக் கொதிநீரில் விட்டாள். முன்போல முழுசாக மடங்கவில்லை. ஆனாலும் நுனி நூல் சிக்கியது. ராஜப்பன் மெல்ல அவள் பக்கம் வந்து, எந்த டாக்டர், என்ன மருந்து என்று கேட்டார்.

அவள் நிமிராமலே சுவர்த் தாளைக் காட்டினாள்.

“பூனைக்கு லீவு கிடையாதே சார். நாய்ன்னு எழுதிக்கிட்டுப் போங்க.”