இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம்

கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியது காப்பீட்டு அட்டையைத் தேடுவதற்காக. அட்டை வரவில்லை. நாலைந்து ஊக்கு, ஒரு இஞ்ச் டேப், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், அதற்கடியில் நான்காக மடித்த மஞ்சள் சீட்டு ஒன்று. பிரித்துப் படித்தாள். துணியின் சலவைச் சோதனை முடிவு அது. நீளவாக்கில் சுருக்கம், நூற்றுக்கு ஐந்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோதனை அறைக்காரர்கள் கையில் திணித்த சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிப் படியில் இறங்கும்போதுதான் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். அதற்கப்புறம் எல்லாரும் காலைப் பற்றியே பேசினார்கள். சீட்டைப் பற்றிப் பேச ஒருத்தருமில்லை, அவள் உட்பட.

அவளுக்கு வேலை தையல் கம்பெனியில் பேட்டர்ன் போடுவது. மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஆயிரத்து இருநூறு பேண்ட். எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று கணினியில் அடுக்கி, இரண்டு மீட்டர் அகலத் தாளில் கோடு வரையும் பிளாட்டருக்கு அனுப்பிவிட்டால், அந்தத் தாளைத் துணி அடுக்கின் மேல் விரித்து கட்டிங் மாஸ்டர் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவார். தாளை அவள் வெள்ளிக்கிழமை மத்தியானமே எடுத்துக் கொடுத்தாயிற்று, சுருக்கத்துக்கு நீளம் சேர்க்காமல். முதல் சலவையிலேயே அத்தனை பேண்டும் கணுக்காலுக்கு மேலே இரண்டு இஞ்ச் ஏறி நிற்கும். முந்தின நாள் மாஸ்டர் போன் பண்ணி, நாளைக்குச் சாப்பாட்டு மணி முடிந்ததும் வெட்டிவிடுவேன், நீ காலை ஆட்டாமல் கிட என்று சொல்லியிருந்தார். கம்பெனியில் தப்பு யார் மேல் என்று விசாரிக்கிற வழக்கம் கிடையாது. வெட்டினவர் கைதான் தப்பு. போன வருஷம் இன்னொரு மாஸ்டரை அப்படித்தான் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவரையும் ஒரு தடவை எச்சரித்து வைத்திருக்கிறார்கள்.

மணி பன்னிரண்டு நாற்பது. இரண்டு மணிக்குக் கத்தி ஓடும். வண்டியில் போனால் ஒன்றரை மணி நேரம். போன் பண்ணலாம்தான், ஆனால் கட்டிங் ஹாலுக்குள் போன் கூடாது, எல்லாம் வேலை முடிகிற வரை வாசலில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். காவலாளி அறை போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மேனேஜர் விமானத்தில் இருந்தார். கம்பெனி உருப்படுவதற்காகப் போட்ட சட்டமெல்லாம் இன்றைக்குப் பார்த்து ஒன்றுகூடி நின்றன.

பாக்கி இருந்த ஒரே வழி கம்பெனிக் கணினி. அது கட்டிங் ஹாலிலேயே பிளாட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்தே இணையம் வழியாக அதைப் பிடித்து வேலை பார்க்க அவளுக்கு அனுமதியும் உண்டு. ஆனால் அவள் வீட்டுக் கணினியில் இப்போது விண்டோஸ் இல்லை. ஆறு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்பள்ளியில் எலக்ட்ரிகல் வாத்தியாரான அவள் கணவர், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அதை எடுத்துக் கடாசிவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டார். கேட்டதற்குச் சுதந்திரம் என்றார். அந்தச் சுதந்திரம் வந்த நாளிலிருந்து அவள் ஒரு கடிதம் அச்சடிக்கக்கூட அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அவர் வந்து உட்கார்ந்தார். அவசரமே தெரியாத மனிதர், வீடு பற்றி எரிந்தாலும் ஃபியூஸ் எங்கே போனது என்று முதலில் பார்ப்பார். இணைப்பு மென்பொருளில் மூன்று இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார். எது வேலை செய்யுமோ அது என்றாள். முதலாவது கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு மௌனமானது. இரண்டாவது கம்பெனிக் கணினியைத் தபால்தலை அளவுக்குக் காட்டியது. அதைப் பெரிதாக்கியதும் கடவுச்சொல் கேட்டது. அவள் அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே அடித்தாள். 3238241815. பத்து எண்ணும் ஒரு பேண்டின் அளவு: இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம். கடவுச்சொல் வைக்க மறக்காத மாதிரி ஒன்று சொல்லுங்கள் மாஸ்டர் என்று கேட்டபோது, கத்திக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே அவர் ஒப்பித்தது. பதினோரு வருஷத்தில் அந்தக் கணினியை அவர் தொட்டதே இல்லை. பின்னால் நின்று பார்ப்பதோடு சரி.

தவறு என்றது. மறுபடி அடித்தாள், தவறு. மூன்றாவது முறையும் அடித்ததும், பத்து நிமிஷம் கழித்து வா என்று கதவைச் சாத்திக்கொண்டது. அப்புறம்தான் கணவர் எட்டிப் பார்த்து, வலது ஓரத்து எண் பொத்தான்கள் அந்தப் பக்கம் போகவில்லை, இரண்டு கணினிக்கும் அதில் ஒத்துப்போகாது, மேல்வரிசையில் அடித்திருக்க வேண்டும் என்றார். இதை முதலிலேயே சொல்ல வாய் வலித்ததா என்று கேட்டாள். அவள் எந்த வரிசையில் அடிப்பாள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் நியாயம் பேசினார். நியாயமாகத்தான் இருந்தது, அதனால் எரிச்சல் இன்னும் கூடியது. பத்து நிமிஷமும் மாவுக்கட்டுக்குள் கால் அரித்தது. டேப்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

ஒன்று இருபதுக்கு உள்ளே போனாள். தன் மேஜையையே பார்த்த மாதிரி இருந்தது. வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, திரை நிறைகிற எழுத்தில், மாஸ்டர் வெட்டாதீங்க என்று போட்டாள். மற்றவர்கள் கேன்டீனுக்குப் போயிருப்பார்கள். மாஸ்டர் மட்டும் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு மேஜையைச் சுற்றி அடுக்கைத் தட்டிக்கொண்டிருப்பார். எப்படியும் திரை கண்ணில் படும். யாராவது மவுஸை ஒரு அசை அசைத்தால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். எழுத்தைச் சிவப்பாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். ஒன்றும் அசையவில்லை.

டீயோடு வந்த கணவர் எட்டிப் பார்த்தார். "இது யாருக்கு எழுதியிருக்க?"

"மாஸ்டருக்குத்தான். திரையைப் பார்ப்பாருல்ல?"

"அங்க ஒண்ணும் தெரியாதும்மா. நாம இங்கேருந்து உள்ள போனா அங்க ஸ்கிரீன் பூட்டிக்கும்."

அவள் டீயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினைந்து நிமிஷமாகச் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். "நீங்க கொஞ்சம் பேசாம நில்லுங்க," என்றாள். "அந்த மனுஷனுக்கு வேலை போயிடும்ங்க. என்னால போயிடும்." அவர் டீயை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் பின்னால் நின்றார்.

திரை தெரியாது. ஆனால் பிளாட்டர் ஓடும். அது எழும்பும் சத்தம் ஹாலுக்கே கேட்கும். அதே வாசகத்தை ஒரு ஆள் உயரத்துக்கு வரையச் சொல்லி அனுப்பினாள். வரைகிறது என்று காட்டியது. அப்பாடா என்று சாய்ந்தவளுக்கு, சாய்ந்த மறுநொடியே ஒன்று உறைத்தது. மாஸ்டர் எதையுமே படித்து அவள் பார்த்ததில்லை. சுற்றறிக்கை வந்தால், கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படிச்சிடு தங்கச்சி என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. எண்களைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார், கோட்டைப் பார்த்தால் முடியளவு பிசகையும் பிடித்துவிடுவார். எழுத்து மட்டும் தெரியாது. இது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இருவரும் இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் தாளை வீண் என்று சுருட்டிக் கீழே வைப்பார். இல்லாவிட்டால், சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் கூடி நின்று, படிங்க மாஸ்டர் என்பார்கள். அதை நினைக்கவே அவளுக்குக் கூசியது. அவசரமாக நிறுத்தினாள். அதற்குள் முதல் எழுத்து வந்திருக்கும்.

ஒன்று நாற்பத்தைந்து. பேட்டர்ன் கோப்பைத் திறந்து ஒரே ஒரு கால் துண்டை மட்டும் எடுத்தாள். மவுஸின் உருளை அந்தப் பக்கம் தலைகீழாகச் சுற்றியது. கோடு பிடித்த இடத்தில் நில்லாமல் ஒரு மூச்சு தாமதமாக வந்தது. சனியனே, சனியனே என்று முனகிக்கொண்டே துண்டின் மேல் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டாள். பெருக்கலின் நடுவே ஒரு வட்டம். கத்தி வைக்காதே, அளவு சரியில்லை என்பதற்கு மாஸ்டரே துணியில் சாக்கட்டியால் போடுகிற குறி அது. துண்டின் நீளத்துக்கு ஓர் அம்பு வரைந்து பக்கத்தில் 5 என்று எழுதினாள். அனுப்பினாள்.

வரைகிறது என்றது. அப்புறம் முடிந்தது என்றது. அதற்குமேல் அந்த மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று ஐம்பது. ஒன்று ஐம்பத்திரண்டு. ஹாலில் தாள் தரையில் சரிந்து கிடக்கிறதா, அவர் கழிப்பறைக்குப் போயிருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. தன் மேஜையை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிறது, அதிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிற மனிதரைப் பார்க்க வழியில்லை. ஒன்று ஐம்பத்தைந்துக்குத் திரை சட்டென்று கறுத்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கணவர் குனிந்து படித்தார். "லைன் போகல. அங்க யாரோ அந்தக் கணினியிலேயே கடவுச்சொல் போட்டு உள்ள வந்திருக்காங்க. அதான் நம்மள வெளிய தள்ளிடுச்சு." அவர் மவுஸைப் பிடித்தார். "திரும்ப கனெக்ட் பண்ணிடறேன். ஒரு நிமிஷம்."

அந்தக் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"வேணாம்," என்று கணவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாம உள்ள போனா அவருக்குப் பூட்டிக்கும்."

திரையில் மறுபடி இணைக்கவா என்று கேட்டுக்கொண்டு பெட்டி அப்படியே நின்றது. அங்கே இப்போது மாஸ்டர் எதிரில் அந்தச் சிவப்பு எழுத்துகளும் பெருக்கல் போட்ட கால் துண்டும் திறந்து கிடக்கும். டீ ஆறி ஆடை கட்டியது. அவள் கணவரின் கையை விடாமல், மேல்வரிசை எண்களின் மேல் ஒவ்வொன்றாகக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள், அங்கே ஒரு தடித்த விரல் அவற்றைத் தேடித் தேடி அழுத்தியிருக்கும் வேகத்தில்.