கால்வாயில் ஓடிய ரயில்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பாளையங்கோட்டையில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். தமிழில் டைப் அடிக்கப் படிக்கலாம் என்று போனேன். சொல்லிக்கொடுத்த சித்ரலேகா, தன் வீட்டுச் சங்கதியை ஒரு நாள் சொல்லிவிட்டு, "எழுதுங்க சார். ஆனா எழுதினத எங்கிட்ட காட்டணும்" என்றாள். காட்டினேன். அன்று பிடித்தது எனக்குச் சனி.

முதல் வரி இப்படி இருந்தது: தாமிரபரணியின் மேல் மாலை வெயில் பொன்னை உருக்கி

(அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "இதுல ரயிலு எங்க சார்?")

சரி. ரயிலுக்கே வருகிறேன்.

2

வருஷம் 1996. திருநெல்வேலி – தென்காசி மீட்டர் கேஜ் பாதையில் ரயில் ஓட்டியவர் நடராஜ், சித்ரலேகாவின் கணவர். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு வளைவு. ஒரு நாள் அதில் திரும்பினால், தண்டவாளத்தின் மேல் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சிக்கி நிற்கிறது. பிரேக் போட்டார். வண்டிக்காரர் செத்தார்.

(இல்லை, சாகவில்லை. சாகடித்தது நான். ஒரு சாவு விழுந்தால் கதை எடுபடும் என்ற நப்பாசை. சித்ரலேகா தாளைத் தூக்கி மேசையில் போட்டாள். "அந்த மனுசன் நல்லாத்தான் இருக்காரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாமலே ஒரு ஆளு பயந்துபோகக் கூடாதா?" நியாயமான கேள்வி. திருத்துகிறேன்.)

ரயில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மாடுகளும் பிழைத்தன, வண்டிக்காரரும் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அந்த வளைவு வந்தாலே நடராஜின் கை தானாக பிரேக்குக்குப் போனது. காலிப் பாதையில் இரண்டு தடவை ரயிலை நிறுத்திவிட்டார். லீவு கொடுத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பிப் போகும்போது இன்ஸ்பெக்டர் பாக்கியசீலன் என்ஜினில் கூட வருவார். அந்த வளைவை ஒழுங்காகக் கடந்தால் டிரைவர். இல்லாவிட்டால் என்ஜின் நிறுத்தும் ஷெட்டில் ஏதாவது வேலை, ஆயுசுக்கும் ரயில் கிடையாது.

"ஷெட்டுலயே இருந்துக்கிடுதேன்" என்றார் நடராஜ்.

"நீங்க இருப்பீங்க. நான் இருக்க விடணும்லா?" என்றாள் சித்ரலேகா.

3

சென்டரில் யாரோ கொடுத்த ஃப்ளாப்பியில் ஒரு ரயில் விளையாட்டு இருந்தது. வெளிநாட்டுப் பாதை, பனி மூடிய ஸ்டேஷன்கள். வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். நடராஜ் கொஞ்ச நேரம் ஓட்டினார். "இங்கன எனக்கு என்ன பயம்? பயம் ஆழ்வார்குறிச்சியில்லா கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

ஆழ்வார்குறிச்சியைக் கம்ப்யூட்டருக்குள் தானே கட்டிவிடுவது என்று அப்போது முடிவெடுத்தாள். சென்டரில் புரோகிராம் எழுதவும் சொல்லிக்கொடுப்பவள்தானே.

நில வரைபடம் வரையும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற தில்லைநாயகம் மாமா, பழைய சர்வே வரைபடம் ஒன்றும் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கொஞ்சமும் கொடுத்தார்.*

* அரசாங்கப் படங்களை வெளியே கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். மாமாவின் பெயரை மாற்றிவிட்டேன்.

படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்தாள். அதில் கட்டம் போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் பாதை எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அளந்து, எண்களாக கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தண்டவாளம். ஓரத்தில் குச்சி குச்சியாகத் தந்திக் கம்பங்கள். வேகத்துக்கு ஒரு பொத்தான், பிரேக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. இந்த மும்முரத்தில் அடுப்பில் குழம்பு கருகி

("சமையல் அவுகல்லா பண்ணுனாக!" அடித்துவிட்டாள்.)

4

சேரன்மகாதேவியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை முடிந்ததும் ஓட்டிப் பார்த்தாள். காபி கொண்டுவந்த நடராஜ் பின்னால் நின்றார்.

"ஏட்டி, என்ன இது, இப்படி வளைஞ்சு வளைஞ்சு போவுது?"

"வீரவநல்லூர்ப் பக்கம். படத்துல இப்படித்தான இருக்கு?"

படத்தை வாங்கிப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த வீட்டில் மாசக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

"இது தண்டவாளம் இல்லட்டி, கன்னடியன் கால்வா! தண்ணிக்குள்ளல்லா ரயில விட்டிருக்க!"

படம் எடுத்தது கால்வாய் வற்றிக் கிடந்த கோடையில். வானத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கரை, நடுவே வெளிறிய கோடு. ஜல்லி போட்ட பாதையும் அப்படித்தான் தெரியும். சரிபார்க்கலாம் என்றால், சர்வே வரைபடம் சரியாக அந்த இடத்து மடிப்பில் இற்றுப்போயிருந்தது.

(இங்கே எனக்கு ஒரு சபலம். கணவனை நாற்காலிக்கு இழுக்க அவள் வேண்டுமென்றே செய்த தப்பு என்று எழுதினால் எப்படி இருக்கும்! கேட்டேன். "அன்னைக்கு நான் அழுதேன் சார்" என்றாள். விட்டுவிட்டேன்.)

அழுது, முகம் கழுவி, கால்வாயில் போட்ட பாதை முழுவதையும் அழித்தாள். "இனி நீங்க சொல்லாம ஒரு கட்டம்கூட ஏறாது" என்றாள். அவர் உட்கார்ந்து, எங்கே ஏற்றம், எங்கே சிக்னல், எங்கே பைய ஓட்டணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆழ்வார்குறிச்சிக் கட்டம் வந்ததும் எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து அதையும் சொன்னார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அந்த மறுநாள்தான்.

5

பாதை முடிந்தது. வளைவில் மாட்டுவண்டியை வைப்பதா, வேண்டாமா?

முடிவு ஒன்று: வைக்கவில்லை. அவர் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார், பயம் தெளிகிறது. (காலிப் பாதையில்தானே ஐயா அந்த மனுஷன் பயந்தார்?)

முடிவு இரண்டு: எப்போதும் வண்டி நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் நிறுத்துகிறார். (நிறுத்தத்தான் அந்தக் கைக்கு ஏற்கெனவே தெரியுமே.)

என் இரண்டு முடிவுகளையும் சித்ரலேகா ஒதுக்கினாள். அவள் செய்தது வேறு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்ளும். சில நேரம் வண்டி நிற்கும், சில நேரம் நிற்காது.

6

இன்ஸ்பெக்டரோடு போவதற்கு முந்தின நாள். முதன்முதலாக அந்த வளைவு வரை ஓட்டிப் பார்க்க நடராஜ் உட்கார்ந்தார்.

"மாட்டுவண்டி நிக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லிரு."

"எனக்கே தெரியாது."

"நீதான செஞ்ச?"

"இத்தன வருசம் ரயில் ஓட்டுனீங்களே, அங்கன என்ன நிக்குன்னு என்னைக்காவது யாராவது முன்கூட்டிச் சொன்னாகளா?"

நடராஜ் ரயிலைக் கிளப்பினார். அம்பாசமுத்திரம் போனது, ஆழ்வார்குறிச்சி வந்தது, வெள்ளைக் கோடுகள் வளையத் தொடங்கின. நீளமாக ஹாரன் அடித்தார். கை பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் தொடவில்லை.

அன்று திரையில் என்ன வந்தது, மறுநாள் என்ஜினில் என்ன நடந்தது, இரண்டும் எனக்குத் தெரியும். சித்ரலேகா சொல்லியிருக்கிறாள். எழுதியும் பார்த்தேன். இந்தத் தடவை அடித்தது நான்தான். கதையில் அவர் இன்னும் வளைவில் திரும்பவில்லை. அவருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்கு மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.