எட்டாவது ஜன்னல்

1

இந்தக் கதை பிறந்தது ஏசி அறையில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து என்னைத் திட்டக்கூடாது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பூமி சூடாகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மெக்கானிக்…' வேண்டாம். பூமியெல்லாம் என் கைக்கு அடங்காது. எட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து போதும்.

2

அந்த எட்டு வீடுகளுக்கும் ஏசி மாட்டியவர் அந்த மெக்கானிக்தான். எட்டில் ஒன்று அவருடைய வீடு. குழாய் வேலை சுலபம் என்று வெளிப்பெட்டிகளை எல்லாம் சந்துப் பக்கமாகவே மாட்டினார். அத்தனை அனலும் அங்கேதான் கொட்டும். சந்தின் அடியில், தரைத்தளத்தில், அவருடைய அக்காவின் தையல் அறை. ஒருநாள் அக்கா மெஷின்மேலேயே மயங்கிச் சரிந்தாள்.

"உனக்கும் ஒண்ணு மாட்டிடறேன்க்கா."

"அந்தச் சூட்டை எங்கடா தள்ளுவ?"

[இங்கே அவர் மனம் மாறியதை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். முகம் சுண்டிப்போனது, அவ்வளவுதான்.]

3

வீடு வீடாக ஏறினார். "நாலு மணிக்கு எல்லாரும் நிறுத்திட்டு ஜன்னலைத் திறங்க. காத்து தானா வரும்."

"நாங்க மட்டும் திறந்தா அடுத்தவங்க அனல்தானே உள்ள வரும்?" என்றாள் எதிர்வீட்டு டீச்சர். நியாயமான கேள்வி.

அவர் தன் வீட்டில் நிறுத்தினார். சட்டை நனைய நனைய ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் டீச்சரும் நிறுத்தினாள்.

"உங்க பொழப்புல நீங்களே மண்ணைப் போட்டுக்கிறீங்களே?"

"போட்டாச்சு டீச்சர். அக்கா மூச்சு விடறாளே."

பிறகு ஒவ்வொன்றாக, மொத்தம் ஏழு ஜன்னல்கள் திறந்தன. எதிரெதிர்த் திரைச்சீலைகள் ஒன்றையொன்று தொடப் பார்த்தன. யாரோ ஒரு குழந்தையைத் தூங்கவைக்கும் முனகல் எல்லா வீடுகளுக்கும் போனது. அக்காவின் மடியிலிருந்த வெள்ளைத் துணி மெல்ல எழும்பி, பறக்கலாமா என்று யோசித்தது.

(இங்கே மழை பெய்தது என்று முடிக்கலாம். பொய்.)

4

எட்டாவது வீடு என்னுடையது. அக்காவுக்கு நேர் மேலே. மெக்கானிக் மூன்று முறை வந்து கதவைத் தட்டினார். 'கதை முடியட்டும்' என்று சத்தம் காட்டாமல் இருந்துவிட்டேன். அவர்கள் மாறியதைக் குளிரில் உட்கார்ந்து உருகி உருகி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: இப்போதே நிறுத்துகிறேன்.

முடிவு இரண்டு: கதையை முடித்துவிட்டு நிறுத்துகிறேன். இதுதான் எனக்குப் பழக்கம்.

மணி நாலரை. தரை வழியாக வந்துகொண்டிருந்த தையல் மெஷினின் அதிர்வு சட்டென்று நின்றுவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறாளா, இல்லை… என் ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் நீர் கோத்துக்கிடக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. திறந்தால்தான் தெரியும்.

மிச்சக் கதையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஜன்னலில் வேலை இருக்கிறது.