மழையில் இடப்பக்கம் போகும் துப்பாக்கி

ஸெவரின் ஹைடாஹர் துப்பாக்கியைத் தொட்டுப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன், ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைகளில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் தேடினாலும் அவனைப் போல் குறி பார்க்கிறவன் கிடைக்கமாட்டான். மர அறுவை மில் முதலாளி ட்ராட்னிக் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டில் அவன் வேட்டைக் காவலன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் அதே பள்ளியில் ஆசிரியையாகிவிட்டேன். ஊர் வேட்டைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதும் என் வேலைதான்.

1998 அக்டோபரில் முதலாளி வீட்டுக்கு கிராட்ஸ் நகரத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இரண்டு நாளாக விடாத மழை. ஸெவரினுடைய துப்பாக்கி பழுது பார்க்கப் போயிருந்ததால் முதலாளி தன்னுடையதைக் கொடுத்தார். 1908-இல் செய்தது. கைப்பிடியிலிருந்து குழலின் வாய் வரைக்கும் ஒரே வால்நட் மரக்கட்டை உடை போட்டுவிட்ட மாதிரி மூடியிருக்கும். குட்டைக் குழல், மலை ஏறுகிறவனுக்கு முதுகில் சுமையே தெரியாது. அந்தத் துப்பாக்கியைப் பார்க்கவென்றே அவர் வீட்டுக்கு ஆட்கள் வருவதுண்டு.

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, நூற்றைம்பது அடி தூரத்தில் வலப்பக்கம் பார்த்து நின்ற பெரிய கலைமானை ஸெவரின் சுட்டான். குண்டு வயிற்றில் பாய்ந்தது. மான் ஓடிவிட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் தேடினான். ஓடைப் பள்ளத்தில் கிடைத்தபோது நரிகள் பாதி தின்றிருந்தன.

"கை நடுங்குறவன் காட்டுக்குக் காவலனா?" என்று முதலாளி எல்லார் எதிரிலும் கேட்டார்.  மறுநாள் ஸெவரின் வேட்டை உரிமத்தையும் வேலையையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஜன்னல், கதவு செய்கிற தச்சனானான். ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கோட்டு போட்ட வேட்டைக்காரர்கள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் ஏறி நடப்பான். பையன்கள் அவனை 'வயித்துக்காரன்' என்று சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கும்.

2011 செப்டம்பரில் எங்கள் சங்கம், இப்படி வாய் வரைக்கும் மரம் மூடிய முழுக்கட்டைத் துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு கண்காட்சி வைத்தது. குறிசுடும் கூடத்தில் பச்சைத் துணி விரித்து முப்பத்தொரு துப்பாக்கிகளை அடுக்கினோம். அவற்றின் தரத்தைப் பார்த்துச் சொல்ல ரோஸ்விதா கால்டனெக்கர் என்ற அம்மாள் வந்திருந்தாள். பழைய துப்பாக்கிகளுக்கு மரவேலை செய்து தேர்ந்தவள். வாய் ஓயாமல் ரசிக்கிற ரகமில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, குண்டை உள்ளே தள்ளுகிற பூட்டின் பிடியை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பாள். வெண்ணெய்க் கத்தி போலத் தட்டையான அந்தப் பிடி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் மட்டும் லேசாகத் தலையாட்டுவாள்.

முதலாளியின் துப்பாக்கியிடம் வந்ததும் அவள் நெடுநேரம் நின்றாள். மரத்தின் ரேகை புகை எழும்பின மாதிரி பின்கட்டையிலிருந்து முன்பக்கம் ஓடியது.

"அழகு. இந்த மரத்த அறுத்தவனுக்குக் கண்ணு இருந்திருக்கு" என்றாள்.

எண்பத்தொரு வயது முதலாளிக்கு முகம் மலர்ந்தது. "எங்கப்பா காலத்துப் பொருளும்மா. ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

அவள் சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாள் ஒன்றை எடுத்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டாள். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம், குழல் வாயிலிருந்து நாலு விரல் உள்ளே போனதும் நின்றுவிட்டது. குழலைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். உள்ளே மரத்தில் ஓர் இடம் மட்டும் உரசி உரசிப் பளபளத்தது.

"வெயில்ல ஒண்ணும் தெரியாது. ஈரம் ஏறிச்சுன்னா இந்த இடம் ஊதி, குழல இடப்பக்கம் தள்ளிடும். நூத்தம்பது அடியில ஒரு சாண் போயிடும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்!" என்று முதலாளி சிரித்தார். "மழைன்னா நான் இத வெளியில எடுத்துட்டே போகமாட்டேனே! எங்கப்பாவே சொல்லியிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. கூடத்தின் ஓரத்தில் சாப்பாட்டு மேசையில் மாட்டிறைச்சி சாலட்டில் பூசணி விதை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சமையற்காரி கூட நிறுத்திவிட்டாள். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். எதற்கென்று அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அன்னிக்கு எனக்கு ஞாபகமே வரல" என்றார். "சத்தியமா வரல."

நான் அன்று சாயங்காலமே ஸெவரின் பட்டறைக்குப் போனேன். ஜன்னல் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தாமல் கேட்டான். முழுதும் சொல்லி முடித்தேன்.

"எந்தப் பக்கம் தள்ளுமாம்?"

"இடப்பக்கம்."

"நான் மானோட தோளுக்குப் பின்னாடிதான் குறி வெச்சேன், ஹெட்விக்."

"தெரியும்ப்பா."

"உனக்குத் தெரியாது. எனக்கே தெரியல. பதிமூணு வருஷமா என் கையத்தான் பாத்துட்டிருந்தேன்." இழைப்புளியைக் கீழே வைத்தான். நான் கிளம்பிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மழை பெய்தபோது முதலாளியே துப்பாக்கியோடு அவன் பட்டறை வாசலில் நின்றார். ஸெவரின் அதை ஒரு மணி நேரம் தூறலில் வைத்தான். பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டு மூன்று பேருமாகக் குறிசுடும் கூடத்துக்குப் போனோம். மூன்று முறை சுட்டான். மூன்று துளைகளும் நடுப்புள்ளிக்கு ஒரு சாண் இடப்புறம், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இத நீயே வெச்சுக்கடா" என்றார் முதலாளி. அவருக்கு மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லை.

"எனக்கு எதுக்கு, முதலாளி? வீட்டுச் சுவத்துல மாட்டி தெனமும் அத மொறைக்கவா?" என்றான் ஸெவரின். கொஞ்சம் பொறுத்து, "நானும் முட்டாள்தனம் பண்ணேன். அடுத்தவன் துப்பாக்கிய ஒரு தடவ சுட்டுப் பாக்காம மான் மேல நீட்டுனேன்ல? அந்தத் தப்புல பாதி எம்மேல. தப்பு யாருதா இருந்தாலும் அந்த மானு பட்ட பாடு பட்டதுதான்" என்றான்.

"அப்போ மீதி பாதி?"

"அது உங்களுது. எடுத்துட்டுப் போங்க."

முதலாளி தலையை ஆட்டினார். மரத்தைச் சுரண்டிச் சரிசெய்யட்டுமா என்று ஸெவரின் கேட்டான். ரோஸ்விதா அம்மாளிடம் போன் போட்டுக் கேட்டோம். அசல் மரத்தில் கை வைத்தால் தானே வந்து கையை முறிப்பதாகச் சொன்னாள். அப்படியே விட்டுவிட்டார்கள்.

நவம்பரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முதலாளி எழுந்து, ஸெவரின் தவறாகச் சுடவில்லை, தவறான துப்பாக்கியைக் கொடுத்தது தான்தான் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். உட்கார்ந்து சூப் கேட்டார். ஸெவரின் அன்று லியோபென் நகரில் யாருக்கோ ஜன்னல் பொருத்தப் போயிருந்தான். கேள்விப்பட்டபோது, "சொன்னாரா? சரி" என்றான்.

பிப்ரவரியில் உரிமத்துக்கு மனுப்போட்டான். ஒரு சாதாரண அரைக்கட்டைத் துப்பாக்கி வாங்கினான். கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தான். 'வயித்துக்காரன்' பேர் ஒரே நாளில் போய்விடவில்லை. சொன்னவர்கள் பெரியவர்களாகி, சொல்லக் கூச்சப்பட்டார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் தூக்குச்சட்டி. அன்று விடியலில் அவன் சுட்ட சிறுமானின் ஈரல், இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வெங்காயம் நெறைய போடு. மார்ஜரம் இலை இருக்கா?"

"இருக்கு. குண்டு எங்க பட்டுச்சு?"

"ஈரல் முழுசா இருக்குதே, வயித்துல படலன்னு பாத்தா தெரியலையா டீச்சருக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.