அத்தானின் விண்ணப்பம்

விண்ணப்பக் கடிதம் எழுதுவதில் சின்னவளை அடித்துக்கொள்ள அந்தக் குடும்பத்தில் ஆள் கிடையாது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் கைராசியில் தெருவில் பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் கணவர் வாய் தவறி, இல்லை, வாய்க் கொழுப்பில் அவராகவே சொன்னார்.

"எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைச்சுதுன்னு நினைக்கறீங்க? ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்துடச் சொல்லி இவ என்கிட்ட ஒரு அப்ளிகேஷன் குடுத்தா பாருங்க, அதையே பாத்து எழுதினேன். பேரை மட்டும் மாத்தினேன்!"

"அப்ப அவளோடது?" என்று அக்கா கேட்டாள்.

"அது எங்கயோ போச்சு" என்று அத்தான் கையை உதறினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சின்னவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தாள். அந்த வேலையில் சேர்ந்த நாள் முதலாக அத்தான் வீட்டுக்கு எடுத்து வந்த ஆபீஸ் கடிதங்களையெல்லாம் அக்கா முகத்துக்காக எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். தன் வேலையைப் பறித்தவருக்கே சம்பளமில்லாத குமாஸ்தாவாக இருந்திருக்கிறோமே என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றார். கடிதப் பிரிவுக்குத் தலைமை எழுத்தர் வேண்டுமாம். உள்ளே இருப்பவர்களும் போடலாம், வெளியாட்களும் போடலாமாம்.

"நச்சுன்னு ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடும்மா. உன் கைராசி அப்படி."

"அதுக்கென்ன அத்தான், எழுதிட்டாப் போச்சு."

எழுதினாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மூன்றாவது பத்தியில், 'என் மேசையிலிருந்து சென்ற கடிதங்கள் அனைத்தும் நானே எழுதியவை. தாங்கள் விரும்பினால் நேர்முகத் தேர்வில் தங்கள் முன்னிலையிலேயே எந்தக் கடிதத்தையும் எழுதிக் காட்டத் தயாராக இருக்கிறேன்' என்று வெகு பணிவாகச் சேர்த்தாள்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க அத்தான்."

"நீ எழுதினதைப் படிக்க வேற செய்யணுமா?" என்று தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் தெருமுனை திரும்பியதும் தனக்கும் ஒன்று எழுதி, இந்த முறை தானே போய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

நேர்முகத் தேர்வு அன்று பெஞ்சில் அவளைப் பார்த்ததும் அத்தானின் முகம் சுருங்கியது.

"நீ எங்க இங்க?"

"நானும் போட்டிருக்கேன் அத்தான்."

"போட்டு வை, போட்டு வை. அனுபவம் கேப்பாங்க" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கதவில் பாதி கண்ணாடி. சின்னவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அதிகாரி கடிதத்தைக் காட்டி ஏதோ பாராட்டினார். அத்தானுக்கு வாயெல்லாம் பல். பிறகு அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். பல் உள்ளே போயிற்று.

பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர், பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து வந்தார். நேராக அவளிடம்தான் வந்தார்.

"சரக்கு அனுப்பாத கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுதணுமாம்மா. எப்படி ஆரம்பிக்கறது? ரெண்டு வரி சொல்லேன். அக்காவை நினைச்சுப் பாரு."

அக்காவை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்த முகம்தான் வந்தது.

"எனக்கென்ன அத்தான் தெரியும்? வேற யாராவது எழுதினது கையில இருந்தா, பேரை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

அத்தான் பேயறைந்தவர் போல நின்றார். எரிந்துகொண்டிருந்த அவள் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

பியூன் கதவைத் திறந்தார். "சார், நீங்க எதுவுமே எழுதலையாமே? அடுத்தவங்களைக் கூப்பிடச் சொல்றாங்க."

சின்னவள் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"அந்தப் பேனாவைக் குடுங்க அத்தான். இனிமே உங்களுக்கு எதுக்கு?" என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.