இறக்கை தூக்கும்வரை

அண்ணனின் வலது காதுக்குள் இன்னும் சேறு இருந்தது. சுத்தமாகத் துடைத்துத்தான் அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முகத்தைத் துடைத்தவர்களுக்குக் காது ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. அவள் ஈரத்துணியின் முனையைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தாள். மை போலக் கறுப்பாக வந்தது. கூடவே நாற்றமும் வந்தது.

நகரத்துக் கழிவுநீர் மொத்தமும் போய்த் தேங்குகிற குட்டைகளின் நாற்றம் அது. குளிர்காலம் வந்தால் அண்ணன் அந்த நாற்றத்தோடுதான் வீட்டுக்குள் நுழைவான். பூட்ஸை வாசலிலேயே கழற்று என்று அவள் கத்தாத நாள் கிடையாது. அவள் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்துக்குப் பொறுப்பாளி. குடித்துவிட்டு வாந்தியெடுத்த விரிப்பு, ரத்தம் தோய்ந்த துண்டு, குழந்தை போய் வைத்த மெத்தையுறை எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் உதறி இயந்திரத்தில் போடுகிறவள். அவளுக்கே அந்தச் சேற்று நாற்றம் மட்டும் ஆகாது.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டான். ஆள் உயரம், கால் இரண்டும் குச்சி. அதனால் பறவை பார்க்கும் சங்கத்தில் அவனுக்குக் கொக்கு என்று பெயர். முகத்துக்கு நேராகவே கொக்கு சார் என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

இந்தக் குளிர்காலம் அவர்களுக்குக் கொண்டாட்டமாகப் போய்விட்டது. வடக்கே எங்கேயோ அடித்த புயல், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பறவைகளை வட்டாரம் முழுக்க இறைத்துவிட்டுப் போயிருந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கடற்காகம், கல்குவாரித் தண்ணீரில் ஒரு வாத்து, கோல்ஃப் மைதானத்தில் பெயர் தெரியாத ஒரு குருவி. போன் அடிக்கும், அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு ஓடுவான். நேற்றுக் காலையில் போன்கூட வரவில்லை, குட்டைப் பக்கம் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். சங்கத்து உறுப்பினரான ஒரு வக்கீல் காரோடு வந்து கூட்டிப்போனார். மதியத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அங்கே இருந்த டாக்டர், “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பார்த்திருக்கலாம்” என்றார். எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தை என்று அவள் அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இங்க பாரு, மச்சானோட ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க. டீ போடட்டுமா?”

“துக்கத்துக்கு வந்தவங்களுக்கு டீ எதுக்கு?”

“குளிர்ல வந்திருக்காங்களே, பாவம்” என்றபடி அவர் சமையலறைப் பக்கம் போனார். யார் வந்தாலும் எதையாவது கையில் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி.

அவர்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். சங்கத் தலைவர் முன்னால் வந்தார். பல் டாக்டர், வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. பின்னால் வக்கீல். அவர் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அவர் மட்டுமல்ல, இன்னும் இரண்டு பேர் கழுத்திலும் தொங்கியது. அவள் கண் தானாகக் கீழே போனது. எல்லார் பூட்ஸிலும் கறுப்புச் சேறு. காலையில்தான் துடைத்த தரையில் வாசலிலிருந்து அண்ணனின் கட்டில்வரை தடம் பதிந்திருந்தது.

அவள் பார்ப்பதைத் தலைவர் கவனித்துவிட்டார்.

“வர்ற வழிதானேம்மா. குட்டையில அந்தப் பறவையை ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு போனோம்.”

“இருந்துச்சா?” என்றார் டீத்தட்டோடு வந்த கணவர்.

“இல்லைங்க. காலையிலேருந்து கண்ணுல படலை.” அந்த வருத்தம் தலைவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. அதற்கப்புறம்தான் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். கைகளைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அவள் மூலையில் போய் நின்றாள். வாசல் பக்கம் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்களுக்கு எப்போதுமே தங்கள் பேச்சு அடுத்தவருக்குக் கேட்காது என்ற நினைப்பு.

“வட்டாரத்துக்கே முதல் பதிவுப்பா. யார் பேர்ல போடுவாங்க?”

“முதல்ல பார்த்தது கொக்கு சார். ஆனா படம் வக்கீலோடது.”

“செத்தவர் பேர்ல போட்டா, நாளைக்கு ஏதாவது சந்தேகம்னு எழுதிக் கேட்டா யார் பதில் சொல்றது?”

“அதான் நானும் சொல்றேன்.”



தலைவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்தார். புகைப்படம். அண்ணனின் படம் என்று நினைத்துக் கையை நீட்டினாள். சேற்றின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவை. சிட்டுக்குருவியைப் பிடித்துக் காலையும் மூக்கையும் கொஞ்சம் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

“அவர் கடைசியாக் கண்டுபிடிச்சது. ராத்திரியே கடையைத் திறக்கச் சொல்லிச் சட்டம் போட்டுட்டோம். அவர் நெஞ்சு மேல வைக்கலாம்னு.”

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவள் கையிலிருந்த படத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். அண்ணன் தனியாகக் கிடந்தான்.

“வாலடியைப் பாருங்க, என்ன வெள்ளை” என்றார் ஒருவர்.

“அதாம்மா விசேஷம்” என்று தலைவர் அவளுக்கு விளக்கினார். பல் எப்படிச் சொத்தையாகிறது என்று விளக்குகிற அதே பொறுமை. “இது உள்ளான்ங்கற கரைப்பறவையில ஒரு வகை. சும்மா நிக்கும்போது பார்த்தா மத்த உள்ளானுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது. இறக்கையைத் தூக்கினாத்தான் அந்த வெள்ளை தெரியும். அது லேசுல தூக்காது. அசையாம உட்கார்ந்து காத்துக்கிட்டே இருக்கணும். நம்ம வக்கீல் எப்படியோ பிடிச்சுட்டார்.”

நாலைந்து தலைகள் மெச்சுதலாக ஆடின. வக்கீல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பறவையின் இறக்கைகள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன.

“எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?” என்று வக்கீலைக் கேட்டாள்.

“சரியாத் தெரியலைக்கா.”

“அண்ணன் விழறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

யாரோ டீக் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. தலைவர் தொண்டையைச் செருமினார். “அம்மா, அதெல்லாம் இப்போ...”

“அவர் சொல்லட்டும்.”

வக்கீல் கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் அவர் பேசினால் எதிராளி தண்ணீர் குடிப்பான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். இங்கே வார்த்தை வெளியே வரச் சிரமப்பட்டது.

“மார்ல ஏதோ அடைக்குதுன்னு உட்கார்ந்தாருக்கா. நான் போனைக் கையில எடுத்துட்டேன். அவர்தான் என் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினார். பறவையைக் காட்டி, ‘முதல்ல அதை எடு’ன்னார். சத்தியமா.”

“எடுத்தீங்க.”

“எடுத்தேன்.”

“அது இறக்கையைத் தூக்கலை.”

“தூக்கலை. ‘தூக்கிடுச்சா, தூக்கிடுச்சா’ன்னு அவர் கேட்டுட்டே இருந்தார்.”

“அப்புறம்?”

“அப்புறம் கேட்கலை.”

“நீங்க திரும்பிப் பார்க்கலையா?”

“அசைஞ்சா பறந்துடும்க்கா.” சொல்லி முடித்ததும்தான் அவருக்கே அது காதில் விழுந்த மாதிரி இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பொய் சொல்கிறார் என்று ஒரு வினாடி நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அண்ணன் குரலிலேயே அவளுக்குக் கேட்டது. முதல்ல அதை எடு.

மகளைப் பிரசவித்த நாளும் இப்படித்தான். கணவர் வெளியூரில் இருந்தார். பனிக்குடம் உடைந்து அவள் காரின் பின் சீட்டில் நெளிந்துகொண்டிருந்தாள். வண்டி ஓட்டியவன் அண்ணன். ஏரிக்கரை வந்ததும் வண்டியை ஓரங்கட்டினான். “அஞ்சே நிமிஷம். ஒரு வாத்து வந்திருக்காம். இதோ வந்துட்டேன்.” அவள் சீட்டின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தாள். திரும்பி வந்தவன் முகமெல்லாம் பல். “பார்த்துட்டேன்” என்றான். அந்தக் கதையை அவளே எத்தனை பேரிடம் விழுந்து விழுந்து சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அண்ணனைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் வருவது அந்த வாத்துக் கதைதான். மகளின் கல்யாண வீட்டில்கூடச் சொன்னாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். இப்போது சீட்டின் அந்தப் பழைய ரெக்ஸின் ருசி வாயில் வந்தது.

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். துணியைக் கையில் எடுத்தாள். அண்ணனின் முகம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைப்போல இருந்தது. அவளால் அதைத் தொட முடியவில்லை. அருவருப்பு. செத்த உடம்பு என்பதற்காக அல்ல. துணியை வாளியில் போட்டுவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இடது காதை அவள் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் மின்மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். முன் அறையில் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருந்தபோது, ஒருவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. உடனே அடுத்தவர் பையிலும். பிறகு வரிசையாக எல்லார் பையிலும் தவளை கத்துகிற மாதிரி அதிர்ந்தது. குனிந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன, அது திரும்ப வந்துடுச்சா?” என்று அவள் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் பாத்ரூம் போவதாகச் சொல்லி எழுந்தார். அவருக்குத் துணைக்குப் போவதைப்போல இரண்டு பேர். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மற்றவர்களும் வெளிச்சம் போவதற்குள் ஒருதரம், கொக்கு சாருக்காகவே ஒருதரம் என்று ஏதேதோ முணுமுணுத்துக்கொண்டே நழுவினார்கள். இரும்புக் கதவு திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்களும் தலைவரும் வக்கீலும்தான் மிஞ்சினார்கள். வக்கீலின் பையிலும் போன் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் எடுக்கவில்லை. அதற்காக அவரை மெச்ச அவளுக்கு மனம் வரவில்லை.

தலைவர் சட்டத்தோடு முன்னால் வந்தார். மயான ஊழியர் கையைக் குறுக்கே நீட்டினார்.

“கண்ணாடி எல்லாம் உள்ள போகக்கூடாதுங்க.”

“படத்தை மட்டும் உருவித் தர்றேன்.” தலைவர் பின்பக்கத்து ஆணிகளை நகத்தால் நெம்பத் தொடங்கினார்.

“வேண்டாம் டாக்டர்” என்றாள் அவள். “உங்க சங்கத்துலயே மாட்டிக்குங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

திரும்பும்போது அவர்களை வீட்டில் விடுவதாக வக்கீல் சொன்னார். கணவர் முந்திக்கொண்டு சரி என்றுவிட்டார். வீட்டுக்கு முன்னால் இறங்கியதும் வக்கீலும் இறங்கினார்.

“அக்கா, நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுவானாலும் செய்யறேன்.”

“உள்ள வாங்க” என்றாள்.

குளியலறையிலிருந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். வாய் முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க மூடிக் கிடந்ததில் உள்ளே வியர்த்து, பை துணிகளோடு ஒட்டியிருந்தது. முடிச்சை மீறிச் சேற்றின் நாற்றமும் அதைவிட மோசமான இன்னொன்றும் வந்தன. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

“அவன் நேத்துப் போட்டிருந்தது. பேன்ட்லயே போயிட்டான், தெரியுமில்ல?”

வக்கீல் தலையை ஆட்டினார்.

“முதல்ல பச்சைத் தண்ணியில ஊற வைங்க. சுடுதண்ணி ஊத்தினீங்கன்னா கறை அப்படியே பிடிச்சுக்கும். உள்ள இருக்கறதைக் கையாலதான் வழிக்கணும். மெஷின்ல போடக்கூடாது, வேலைக்காரங்ககிட்டக் கொடுக்கக்கூடாது.”

“சட்டையை ஆஸ்பத்திரியில கத்தரியால வெட்டிட்டாங்களேக்கா.”

“வெட்டினது வெட்டினபடியே இருக்கட்டும். துவைச்சு, தேய்ச்சு, மடிச்சுக் கொண்டுவந்து என் கையில கொடுங்க.”

அவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நெற்றியில் வியர்த்திருந்தது. வெளியே போனார்.

அவள் ஜன்னல் ஓரமாக நின்றாள். தெருவிளக்கின் அடியில் அவர் காரின் பின்கதவைத் தூக்கினார். உள்ளே, கறுப்புப் பஞ்சுப் பெட்டியில், நேற்று அந்தப் பறவையைப் படமெடுத்த பெரிய லென்ஸ் படுத்திருந்தது. பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதையே சற்று நேரம் பார்த்தார். பின்கதவை மூடினார். முன்னால் வந்து, பையைத் தன் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஒரு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. பிறகு அடுத்தது. நாலும் முழுதாக இறங்கின. வெளியே நல்ல குளிர். கார் நின்ற இடத்திலேயே நின்றது.